தெய்வநாயகத்தின் தம்பி

தெய்வநாயகத்துக்குத் தம்பி கிடையாது. அண்ணனும் கிடையாது, அக்கா தங்கையும் கிடையாது, அவருடைய அம்மா ஒன்றோடு போதுமென்று நிறுத்திக்கொண்டவள். ஐம்பத்தேழு வருஷம் ஒற்றை ஆளாக இருந்துவிட்டு இன்று காலையில், சென்னையில், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் வராந்தாவில் வைத்து அவருக்கு ஒரு தம்பி வந்து சேர்ந்தான். கதவைப் பாதி திறந்து தலையை மட்டும் நீட்டிய சின்ன வயசு டாக்டர், தெய்வநாயகத்தோட அட்டெண்டர் யாரு என்று கேட்டார். நோயாளிக்குத் துணையாக வந்தவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். பெண்டாட்டி தமயந்தி பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போயிருந்தாள். தெய்வநாயகம் எழுந்து நின்றார். நீங்க அவருக்கு என்ன வேணும் என்று டாக்டர் கேட்க, "தம்பிங்க" என்றார். கொஞ்சம்கூட நாக்குக் குழறவில்லை. இப்போது மத்தியானம் ஒரு மணிக்கு மேல் ஆகிறது, இந்தக் கோளரங்கத்தின் சாய்வு நாற்காலியில் மல்லாந்தாற்போல் கிடக்கிறார், தலைக்கு மேலே கவிழ்ந்த வெள்ளைக் கூரை, பக்கத்தில் பெண்டாட்டி, சுற்றிலும் எந்த ஊரிலிருந்தோ பஸ் வைத்து வந்திருக்கிற பள்ளிக்கூடப் பிள்ளைகள், அந்தச் சொல் மட்டும் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை. தம்பிங்க. எங்கிருந்து வந்தது அது? மச்சினன் என்று சொல்லியிருக்கலாம், சொந்தக்காரர் என்று சொல்லியிருக்கலாம், பக்கத்து வீடு என்றுகூடச் சொல்லித் தப்பித்திருக்கலாம். தம்பி என்று சொன்னதுதான் வினை. சொன்ன நிமிஷத்திலிருந்து மனசு தம்பியாகவே ஆகிவிட்டது, தெய்வநாயகம் என்கிற அந்த மனிதரைத் தள்ளி நின்று பார்த்து, ஐயோ பாவம் அண்ணன், அண்ணனுக்கு இப்படி ஆகிப்போச்சே என்று புலம்ப ஆரம்பித்துவிட்டது.

அந்த டாக்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. வழக்கமாகப் பார்க்கிற டாக்டரம்மா இன்று லீவு, அவர் இடத்துக்கு வந்தவர் இவர். நோயாளி என்றால் கட்டிலில் கிடப்பார், மஞ்சள் பூத்திருப்பார், லுங்கி கட்டியிருப்பார் என்று நினைத்திருப்பார். தெய்வநாயகமோ காலையில் சவரம் செய்து, விபூதி பூசி, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். பித்தம் இறங்குகிற வழியில் ஏதோ சின்னக் குழாய் வைத்ததிலிருந்து கண்ணில் மஞ்சள் வடிந்துவிட்டது, ஆள் இளைத்ததுதான் மிச்சம், அதுவும் முன்னே பார்த்திராதவருக்கு எப்படித் தெரியும்? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனுஷன், உட்காரவைத்துத்தான் சொன்னார். "கணையத்துல ஆரம்பிச்சு கல்லீரலுக்குப் பரவிடுச்சுங்க. ஆபரேஷன் பண்ற கட்டமெல்லாம் தாண்டிடுச்சு. ஊருக்குக் கூட்டிட்டுப் போங்க, கேட்டதைச் சாப்பிடக் குடுங்க, வலிக்கு மாத்திரை எழுதித் தர்றோம். தீபாவளி தாண்டுறது கஷ்டம்." அதற்கப்புறம் குரலைத் தாழ்த்தி, பேஷண்ட்கிட்ட சொல்லிடாதீங்க, மனசு விட்டுடுவாரு என்றார். தெய்வநாயகம் தலையை ஆட்டினார். சரிங்க, சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். யாரிடம் சொல்ல மாட்டேன் என்று யாருக்கு வாக்குக் கொடுக்கிறோம் என்பது உறைக்கவே இல்லை. மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் வருவார், அவர் வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க, அவங்களுக்கும் எடுத்துச் சொல்லணும் என்று சொல்லி டாக்டர் அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோது தமயந்தி பிளாஸ்க்கோடு வந்தாள். கூப்பிட்டாங்களா என்றாள். இல்லை, மூணு மணிக்கு உன்னைத்தான் பாக்கணுமாம் என்றார். அவள் ஒன்றும் கேட்காமல் வெந்நீரை டம்ளரில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தாள், ஆற்றியும் நாக்கு பொசுங்குகிற சூடு, அதையும் குடித்தார்.

கோளரங்கம் அவளுடைய யோசனை. தங்கியிருக்கிற சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வரும்போது அந்த உருண்டைக் கூரையைப் பார்த்து, அது என்னங்க என்று முதல் நாளே கேட்டாள், கண்டக்டர்தான் கோளரங்கம் என்றார், உள்ளே ஏசி உண்டு என்றும் சொன்னார். மூன்று மணி வரைக்கும் அந்தப் பெஞ்சில் குந்தியிருக்க இன்றைக்கு என்னால் ஆகாது, அங்கே போய் ஒரு காட்சி பார்த்துவிட்டு வருவோம் என்றாள். அவருக்கு ஆச்சரியம்தான். திண்டுக்கல்லில் ஒரு சினிமாவுக்குக் கூப்பிட்டால் காஸை அணைத்தோமா, பின்கதவைப் பூட்டினோமா என்று ஆயிரம் யோசிக்கிறவள். ஆனாலும் சரி என்றார், இருட்டில் வைத்துச் சொல்வது சுலபம் என்று பட்டது. அதுதான் விஷயம். மூன்று மணிக்குள் அவளிடம் தாமே சொல்லிவிட வேண்டும். பெரிய டாக்டர் வாயிலிருந்து கேட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குக் கண்முன்னே தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் நிற்பாள், முந்தானையால் மூஞ்சியைத் துடைப்பாள், ஒரு சிரிப்பை எடுத்து மாட்டிக்கொள்வாள், ஒண்ணுமில்லைங்க, சத்துக் குறைவாம் என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவாள். அப்புறம் தீபாவளி வரைக்கும் அந்தச் சிரிப்பைக் கழற்ற முடியாது. அவரும் அதை நம்புகிறவராக நடிக்க வேண்டும். பிள்ளை குட்டி இல்லாத வீடு, இருப்பதே இரண்டு பேர், அந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஏமாற்றிக்கொண்டு எதிரெதிரே உட்கார்ந்து இட்லி தின்ன வேண்டும். விளக்கு அணையட்டும், சொல்லிவிடுவோம் என்று இருந்தார்.

விளக்கு அணைந்தது. ஒரேயடியாக இல்லை, சாயங்காலம் ஆகிற மாதிரி நிதானமாக. கூரையின் அடிவிளிம்பைச் சுற்றி நகரத்துக் கட்டடங்கள் கறுப்பாக எழும்பின, ஒரு கோபுரம் தெரிந்தது, கலங்கரை விளக்கம் தெரிந்தது, மேற்கே சூரியன் இறங்கினது. பெண் குரல் ஒன்று வணக்கம் சொல்லி, நன்றாகச் சாய்ந்துகொள்ளுங்கள், தலை சுற்றினால் கண்களை மூடிக்கொள்ளுங்கள், நகரப்போவது வானம்தான், நீங்கள் இருந்த இடத்தில்தான் இருப்பீர்கள் என்றது. மின்விளக்குகள் இல்லாவிட்டால் உங்கள் ஊர் வானம் எப்படி இருக்கும் தெரியுமா என்று கேட்டுவிட்டு நட்சத்திரங்களை ஒரே கொத்தாகத் திறந்துவிட்டது. பிள்ளைகள் அத்தனை பேரும் ஹோ என்றார்கள், எங்கேயோ ஒரு டீச்சர் அதட்டினாள். இதுதான் சமயம். தெய்வநாயகம் தொண்டையைச் செருமிக்கொண்டு தமயந்தி என்று கூப்பிட்டார். பதில் வரவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டுத் திரும்பிப் பார்த்தால், அவள் தூங்கிப்போயிருந்தாள். அந்த ஹோவுக்கும் அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் தலை சரிந்து சரிந்து வந்து அவருடைய தோளில் விழுந்தது. இத்தனை கனமா ஒரு தலை! தேங்காயெண்ணெய் வாசம், அதற்கு அடியில் ஆஸ்பத்திரி பினாயில் வாசம். இவள் படுத்துத் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தார். சத்திரத்தில் அவருக்குக் கட்டில், அவளுக்குக் கீழே பாய், அவர் எப்போது புரண்டாலும் என்னங்க வேணும் என்று குரல் வரும், அப்படியானால் அது தூக்கமில்லை. இங்கே வந்து தூங்குகிறாள். ஏசியும் இருட்டும் மெத்தை நாற்காலியும் கிடைத்த உடனே, கையில் இருந்த பையைக்கூடக் கீழே வைக்காமல் தூங்குகிறாள். எழுப்பிச் சொல்வதா? எழுப்பி, தமயந்தி, எழுந்திரு, நான் சாகப்போகிறேன் என்றா? அட, அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாலே அசிங்கமாக இருக்கிறது.

அவருக்குக் கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, ரத்தினவேல் மேல். தமயந்தியின் தம்பி ரத்தினவேல், பெரிய நிர்வாகி, மதுரையில் ஸ்கேன் எடுத்த அன்றைக்கு, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க மச்சான் என்று அவரை நிறுத்திவிட்டு அக்காவைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனவன். கொஞ்ச நேரத்தில் அக்காவை வெளியே அனுப்பிவிட்டான், மருந்துச் சீட்டோடு, அவன் மட்டும் உள்ளே இருந்தான். வெளியே வந்து, ஒண்ணுமில்ல மச்சான், கணையத்துல சின்னப் புண்ணு, சென்னையில காட்டினா சரியாப் போயிரும் என்றான், அவருடைய முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்துச் சொன்னான். அவரிடமா? முப்பது வருஷ சர்வீஸ், அதில் பாதிக்கு மேல் செக்கிங் இன்ஸ்பெக்டர். ஓடுகிற பஸ்ஸை நிறுத்தி ஏறி, படியில் நின்று ஒரு பார்வை பார்ப்பார், டிக்கெட் எடுக்காதவன் யாரென்று அங்கேயே தெரிந்துவிடும். கேட்பதற்கு முன்னால் தேடுகிறவன், தேவையில்லாமல் தூங்குகிறவன், ஜன்னலுக்கு வெளியே பனைமரத்தை எண்ணுகிறவன். மனிதனுக்குத் தன் தொழிலில் கர்வம் இருக்கத்தான் செய்யும், அவருக்கும் இருந்தது, பொய்யை வாசத்திலேயே பிடிப்பேன் என்பார். ரத்தினவேல் பொய் சொல்கிறான் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. தமயந்திக்கு ஒன்றும் தெரியாது என்பதும் தெரிந்தது. தெரிந்தவள் தைப்பூசத்துக்குப் பழனி போகணுங்க, நடந்து வேண்டாம், பஸ்ஸிலேயே போவோம் என்று பேசுவாளா? மிக்ஸி ஜாருக்குப் புது மூடி வாங்க மூன்று கடை ஏறி இறங்குவாளா? தொட்டியைக் கழுவ ஆள் வரவில்லை என்று போனில் சண்டை போடுவாளா? சத்திரத்துக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் துணி அலசுகிறாள், இரண்டு சேலை, ஒரு துண்டு, அதற்கு இத்தனை தண்ணீரா என்று அவரே நேற்றுச் சத்தம் போட்டார். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாத வரைக்கும்தான் இந்தத் தூக்கம். மூன்று மணிக்கு இதுவும் போய்விடும், தானாகச் சொன்னாலும் போய்விடும், பெரிய டாக்டர் சொன்னாலும் போய்விடும், அப்படியானால் இந்த நாற்காலியில் கிடக்கிற இந்தக் கொஞ்ச நேரம்தான் அவளுக்கு மிச்சம். தூங்கட்டும்.

கூரையில் பச்சை அம்பு ஒன்று அங்குமிங்கும் நகர்ந்துகொண்டிருந்தது. இது தேள், இது அதன் கொடுக்கு, இது கேட்டை என்று குரல் சொன்னது. கேட்டை அவருடைய நட்சத்திரம். இதற்கு முன்னால் அதைப் பார்த்தது கிடையாது, கல்யாணத்துக்குக் கேட்டார்கள், அர்ச்சனைக்குக் கேட்டார்கள், வாயால் சொன்னதோடு சரி. சிவப்பாக, மற்றதைவிடச் சற்றுப் பெரிசாக இருந்தது. நல்ல நட்சத்திரம் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். அண்ணனுக்கும் கேட்டைதான் என்று மனசு சொன்னது, உடனே, சீ, இந்த அண்ணன் தம்பி விளையாட்டை விடமாட்டாயா என்று அதையே அதட்டியது. விடவில்லை. கேட்டதைச் சாப்பிடக் குடுங்க என்றாரே டாக்டர், அண்ணன் என்ன கேட்பார்? தம்பிக்காரன் உட்கார்ந்து யோசித்தான். கறிக்குழம்பா? கறி என்றாலே இப்போது குமட்டுகிறது. சிறுமலை வாழைப்பழம்? ஒரு பழம் முழுசாக இறங்காது. வத்தலகுண்டு டெப்போவுக்கு எதிரே ஒரு கடையில் பருப்பு வடை போடுவான், மொறுமொறுவென்று, அது வேண்டுமா? வேண்டாம். காபி? வேண்டாம். ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட, அண்ணன் எல்லாவற்றுக்கும் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் ஒன்றுமே கேட்கத் தெரியாத ஒரு மனிதர் இருட்டில் உட்கார்ந்திருந்தார், அவருக்கு வேண்டியது தீபாவளிக்கு அடுத்த நாள் மட்டும்தான். கடை அடைத்திருக்கும், தெருவெல்லாம் வெடித்த காகிதமாகக் கிடக்கும், அலுப்பாக இருக்கும், ஸ்பெஷல் பஸ்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும், அவருக்கு டபுள் டூட்டி விழும். வருஷா வருஷம் சலித்துக்கொண்ட நாள் அது. அதைப் போய்க் கேட்கிறாரே இந்த அண்ணன், அதை எந்தக் கடையில் வாங்குவது? கண்ணில் நீர் முட்டியது. மல்லாந்து படுத்திருந்ததால் காதுப் பக்கமாக வழிந்து போனது, துடைக்கவும் முடியவில்லை, அசைந்தால் அவள் தலை நழுவும்.

தூங்குகிற தலை தோளில் கிடந்தால் வேறொரு தோள் ஞாபகத்துக்கு வந்துதான் தீரும், வந்தது. நத்தம் போகிற பஸ், மத்தியான வெயில், மதுரையிலிருந்து வருகிற கூட்டம். மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் ஒரு ஆள், தலையைத் துண்டால் மூடி, பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் சாய்ந்திருந்தான். அவள் முப்பது வயசுக்காரி, சின்னாளப்பட்டிச் சேலை, மடியில் ஆஸ்பத்திரிப் பை. டிக்கெட் என்றார். இரண்டு டிக்கெட்டையும் சரியாக நீட்டினாள். அவரை எழுப்பும்மா என்று சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னார், எழுப்ப வேண்டிய தேவையே இல்லை. தூங்குறாருங்க என்றாள். குனிந்து பார்த்தார். துண்டுக்கு வெளியே ஒரு கை தெரிந்தது, நகமெல்லாம் நீலம். ஆஸ்பத்திரியில் முடிந்துபோயிருக்கிறது, வண்டி பிடித்துக் கொண்டுபோக வழியில்லை, பஸ்ஸில் தெரிந்தால் இறக்கிவிடுவார்கள். அந்தப் பெண் அவரை நேராகப் பார்த்தாள். தேடவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை, கண்ணில் பொட்டுத் தண்ணீர் இல்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பாத்துக் கூட்டிட்டுப் போம்மா என்று இறங்கிவிட்டார். பஸ் போன பிறகும் ரோட்டிலேயே நின்றார். அந்த வீடு போய்ச் சேருகிற வரைக்கும் அவள் அழக்கூடாது, கண்டக்டர் பார்ப்பான், பின்சீட்டுக்காரன் பார்ப்பான், தோளில் பிணத்தை வைத்துக்கொண்டு, பிரேக் போடுகிற போதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு, தூங்குறாருங்க, தூங்குறாருங்க. வீட்டில் வந்து தமயந்தியிடம் சொன்னார். அவள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவளுக்காவது மதுரையிலிருந்து நத்தம் வரைக்கும்தானே என்று வெகுநேரம் கழித்து ஏதோ சொன்னாள், இல்லை, அது அவள் சொன்னதா, இப்போது அவரே நினைத்துக்கொள்வதா? தெரியவில்லை. தமயந்திக்கு ஆனியிலிருந்து ஐப்பசி வரைக்கும். தினமும் காலையில் எழுந்து கோலம் போட்டு, பால் காய்ச்சி, அந்த முகத்தோடு. கூடாது. எழுப்பியாவது சொல்லிவிட வேண்டும். கையை மெதுவாக அவள் முழங்கைமேல் வைத்தார். வைத்தது வைத்தபடியே இருந்தது.

அப்போது வானம் சுற்ற ஆரம்பித்தது. இனி நாட்களை வேகமாக ஓட்டிப் பார்ப்போம் என்றது அந்தக் குரல், ரொம்ப உற்சாகமாக. கிழக்கே சூரியன் எழும்பி, தலைக்கு மேலே ஓடி, மேற்கே விழுந்தது. ஒரு நாள். உடனே நட்சத்திரங்கள், உடனே மறுபடியும் சூரியன். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம், ஒன்று இரண்டு என்று எண்ணுகிறார்கள். நிலா தேய்கிறது, வளர்கிறது, தேய்கிறது. இதோ ஜூலை என்கிறாள், இதோ ஆகஸ்ட், தேள் மேற்கே சரிகிறது, இதோ செப்டம்பர். இரும்மா, கொஞ்சம் இரு, ஏன் இந்தப் பறத்தல்? பஸ் என்றால் விசிலடித்து நிறுத்தலாம், இதை எப்படி நிறுத்துவது? தலை சுற்றினால் கண்ணை மூடு என்றாளே, மூடினால் போதுமா, மூடிய கண்ணுக்கு மேலே நாட்கள் தட்டுத் தட்டென்று போய்க்கொண்டே இருந்தால்? மறு கையால் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அக்டோபர். நிலா மெலிந்து மெலிந்து ஒரு கீற்றாகி, இல்லாமல் போயிற்று, இதுதான் ஐப்பசி அமாவாசை, தீபாவளி வருகிற நாள் என்று குரல் சொல்ல, பிள்ளைகள் வெடிச் சத்தம் போட்டார்கள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். நிற்கவில்லை. சூரியன் வந்தது, மறுநாள் வந்தது, நவம்பர் வந்தது, டிசம்பர், தை, மாசி, ஒருவரும் ஒன்றையும் கவனிக்கவில்லை, எந்த இடத்திலும் ஒரு குலுக்கல்கூட இல்லை. அப்புறம் வேகம் குறைந்து ஓர் இரவில் வந்து நின்றது. இது அடுத்த வருஷம் நம் ஊரில் தெரியப்போகிற சந்திர கிரகணம், எல்லோரும் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்க வேண்டும், சரியா என்றாள். சரி என்று பிள்ளைகள் கத்தினார்கள். முழுநிலாவின் ஓரத்தில் கறுப்பு ஏறியது, மெதுவாக, ஒரு பக்கமாக, அப்புறம் முழுசும் செம்பு நிறமாக ஆனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். இதைப் பார்க்க வேண்டிய கணக்கே அவருக்கு இல்லை, பார்த்தாயிற்று, வேண்டியதற்கு மேலேயே ஒன்று கிடைத்துவிட்டது என்றுகூடத் தோன்றியது. தமயந்தி பார்க்கவில்லை. அவள் நிஜத்தைப் பார்ப்பாள். திண்டுக்கல் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், தனியாக நின்று பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டிருப்பாள், இல்லாவிட்டால் இவளாக எங்கே மாடி ஏறப்போகிறாள். கிரகணத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வந்து யாரிடம் சொல்வாள்? அந்த ஒரு கேள்வியில் மனசு மாட்டிக்கொண்டது, இப்படி இழுத்தாலும் வரவில்லை, அப்படி இழுத்தாலும் வரவில்லை. யாரிடம் சொல்வாள்? தான் செத்துப்போவது அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே புரிந்தது, அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, நான், நான்தான். பயம் காலிலிருந்து ஏறியது. அவள் முழங்கைமேல் இருந்த கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டார்.

விளக்கு வந்தபோது அவள் திடுக்கிட்டு விழித்து, அடக் கடவுளே, தூங்கிட்டேனா, நல்லா இருந்துச்சாங்க என்றாள். நல்லா இருந்துச்சு என்றார். சேலையை உதறிக்கொண்டு, கொண்டையை முடிந்துகொண்டு, ஃபைல் இருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவருக்கு முன்னால் நடந்தாள். வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. பிள்ளைகளை வரிசை கட்ட டீச்சர் பாடாய்ப் பட்டுக்கொண்டிருந்தாள். ரோட்டைப் பார்த்து, பஸ் ஏதாவது வருதான்னு பாருங்க, மூணு மணிக்கு முந்தி போயிரணும் என்றபடி தமயந்தி படியில் இறங்கினாள். கொஞ்சம் நில்லு என்றார் தெய்வநாயகம். சொல்லிப் பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. தோளில் அவள் தலை கிடந்த இடம் மரத்துப் போயிருந்தது.

"நீ காலையில வெந்நீருக்குப் போனப்ப டாக்டர் என்னைக் கூப்பிட்டுட்டாரு. நான்தான் நோயாளின்னு அவருக்குத் தெரியலை. தம்பின்னு சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிட்டாரு, தமயந்தி."

அவள் முகத்தையே பார்த்தார், எந்த இடத்தில் உடையும் என்று. உடையவில்லை. ஏதோ கணக்குப் போடுகிறவளாட்டம் நின்றாள். என்ன சொன்னாங்க என்று கேட்கவில்லை, ஏன் பொய் சொன்னீங்க என்று கேட்கவில்லை. எம்புட்டு நாள்னு சொன்னாங்க என்று மட்டும் கேட்டாள்.

"தீபாவளின்னாரு."

"தீபாவளியா?" என்றாள். அவள் கண் அகலமாயிற்று, அதில் சந்தோஷம் இருந்தது, அவர் பிறகு எத்தனை தரம் நினைத்துப் பார்த்தாலும் அது சந்தோஷமேதான். "மதுரையில ஆடி வரைக்கும்தான்னாங்க."

ஆடி பிறக்க இன்னும் ரொம்ப நாள் இல்லை. மிக்ஸி மூடியும் பழனியும் தொட்டியும் அலசி அலசித் தீராத அந்த இரண்டு சேலையும் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றன. அவ்வளவு நாளும் அவருடைய கண்ணுக்கு முன்னாலேயே, பொய்யை வாசத்திலேயே பிடிக்கிறவர் முன்னாலேயே, தன்னந்தனியாக ஒரு ஆள் இதைச் சுமந்துகொண்டு நடந்திருக்கிறாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி அதைப் பார்த்தாள், நம்பர் சரியாக இருந்தது, கை காட்டவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள்.

"அப்ப இனிமே நான் உங்க முன்னாடி அழலாமாங்க?"

அழு என்றார். அவள் படியிலேயே உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்து அடைக்கவில்லை, தலையைக் குனியவில்லை, நிமிர்ந்தபடிக்கு வாயைத் திறந்து, ஊரே பார்க்க, சத்தமாக அழுதாள். வரிசையில் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முதுகில் கை வைத்துக்கொண்டிருந்தார்.